பிதூரி என்று எழுதினேன்

நேற்று அகராதியில் ஏதோ ஒரு சொல்லைத் தேடப் போனேன். வயதானால் இதுதான் தொல்லை. தேடியது கிடைக்காது, தேடாதது வந்து நிற்கும். ‘பிதூரி’ கண்ணில் பட்டது. கலகம், சதி என்று பொருள் போட்டிருந்தது. புத்தகத்தை மூடிவிட்டேன். மூடி என்ன, ஆம்பூர்த் தோல் ஷாப்பின் சுண்ணாம்பு வாடை மூக்கில் ஏறிவிட்டது.

ஷாப்பு என்றதும் கடை என்று நினைத்துவிடாதீர்கள். தோல் பதனிடும் இடத்துக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். பத்தொன்பது வயதில் அங்கே நான் கணக்கெழுதும் ரைட்டர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்; தலைக்கனம் அதைவிட ஜாஸ்தி. ஆற்காட்டில் மாமா வீட்டுப் பரணில் நவாபு காலத்துச் சர்க்கார் கச்சேரிக் காகிதங்கள் கிடந்தன. அவற்றைப் படித்துப் படித்துப் பொறுக்கிய பழைய சொற்களை எங்கே செலவழிக்கலாம் என்று அலைந்துகொண்டிருந்தேன்.

அகப்பட்டவன் முனுசாமி. சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோலைப் புரட்டிப் போடுவது அவன் வேலை. சுண்ணாம்பு அரித்து இரண்டு பாதமும் புண்ணாகிவிட்டது. ஒருநாள் மேஸ்திரி இறங்கச் சொன்னபோது, “இன்னிக்கு எறங்க மாட்டேன்” என்றான். அவ்வளவுதான் சொன்னான். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

ஊரெங்கும் கள்ளுக்கடை மறியலும் கதருமாக இருந்த காலம். மாட்டேன் என்ற சொல்லைக் கேட்டாலே முதலாளிகள் மிரள்வார்கள். முனுசாமியை வேலையிலிருந்து நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். வேறு ஷாப்பில் சேர வேண்டுமானால் பழைய இடத்து நடத்தைச் சீட்டு வேண்டும். சொன்ன பேச்சு கேட்காதவன் என்று எழுதித் தரச் சொன்னார் மேனேஜர் சாயபு. எனக்கு அது சப்பென்று இருந்தது. ‘பிதூரிக்காரன்’ என்று எழுதினேன். சாயபு படித்துவிட்டு ஷபாஷ் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

முனுசாமிக்குப் படிக்கத் தெரியாது. வாசலில் நின்று கேட்டான்: “இன்னா எழுதிக்கீதுங்க ஐயா?”

“வேலை தெரிஞ்சவன்னு எழுதியிருக்கு.”

கும்பிட்டு, சீட்டை வேட்டி முனையில் முடிந்துகொண்டு போனான்.

பக்கத்துத் தெருவில் உருது சொல்லித்தரும் முன்ஷியிடம் பெருமையடிக்கப் போனபோதுதான் அந்தச் சொல்லின் பூர்வோத்தரம் தெரிந்தது. அரபியில் அது வெறும் அசதியாம். உருதுவுக்கு வந்து கோளாறு ஆகி, நவாபு கச்சேரியில் கலகம் ஆகிவிட்டதாம். அசந்துபோனவனைத்தான் நான் கலகக்காரனாக்கியிருந்தேன். அப்போதாவது ஓடிப்போய்ச் சீட்டை வாங்கிக் கிழித்திருக்கலாம். செய்யவில்லை. வெட்கக்கேடு.

ஒரு மாதம் கழித்து முனுசாமியே வந்தான். வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை எல்லா இடத்திலும் சீட்டை நீட்டியிருக்கிறான். படித்தவுடன் போகச் சொல்லிவிட்டார்களாம். “நீங்க நல்லாத்தான் எழுதிக் குட்த்தீங்க. எனக்குத்தான் நேரம் சரியில்ல” என்றான். நான் மோர் வாங்கிக் கொடுத்தேன். உண்மையைச் சொல்லவில்லை.

அவன் கோலார் பக்கம் போனதாகச் சொன்னார்கள். பிறகு தகவல் இல்லை. அந்த ஷாப்பு இன்று இல்லை; தொட்டிகளைத் தூர்த்துக் கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள். சாயபு இல்லை, முன்ஷி இல்லை. அந்தச் சீட்டை முனுசாமி வேறு யாரிடமாவது படிக்கக் கொடுத்திருப்பானோ என்று அடிக்கடி நினைக்கிறேன். கொடுத்திருக்கக் கூடாது என்று மனம் வேண்டிக்கொள்கிறது. அந்த வேண்டுதலும் அவனுக்காக இல்லை, எனக்காகத்தான்.