தண்ணீர் தெளித்தது நான்

குன்னூர் எஸ்டேட் பட்டறைக்குக் கோக் என்னும் உலைக்கரி சுடுவதற்காக, நிலக்கரித் தூளை இரும்புப் பெட்டியில் இடித்துக் கட்டியாக்கினோம். இடுப்புயரத்திலிருந்து போட்டால் கட்டி உடையக்கூடாது. மூன்று நாளாக உடைந்துகொண்டே இருந்தது. நாங்கள் சோம்பேறிகளாம், வெள்ளைக்காரத் துரை சொன்னார். இடித்த ஆண்களின் கையெல்லாம் கொப்புளம்.

அவர்களுக்குக் குடிதண்ணீர் சுமந்து வந்த நான், ஒரு பிடி தூளை அழுத்திப் பார்த்தேன். தண்ணீர் தெளித்த புட்டு மாவாக இருந்தால் பிடியாக நின்றிருக்கும். இது பொலபொலவென்று உதிர்ந்தது. என் குடத்துத் தண்ணீரைத் தெளித்தேன்.

"தண்ணியே படக்கூடாதுன்னு தொரை சொன்னாருல்ல?" மேஸ்திரி பதறினார்.

"புட்டுக்கு மாவு பிசிறுற கைங்க இது. இடிக்கச் சொல்லுங்க."

அந்தக் கட்டி உடையவில்லை.

"இன்னிக்குத்தான் ஒழுங்கா இடிச்சிருக்கீங்க," என்றார் துரை.

"எப்பவும் போலத்தானுங்க தொரை இடிச்சாங்க. தண்ணி தெளிச்சது நான்," என்றேன், எல்லார் முன்னாலும்.

மறுநாளே என்னைக் கொழுந்து பறிக்க விரட்டினார். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமோ என்று இன்றுவரை நினைத்ததில்லை. அன்று போகும்போது என் குடத்தையும் கையோடு எடுத்துக்கொண்டுதான் போனேன்.