கம்பெனிச் சேலை

எங்கள் பசு செவலை கன்று போட்ட அன்று தெருவில் சீம்பால் சாப்பிடாத வீடே இல்லை. தூக்குவாளியோடு வீடு வீடாக ஓடியவள் நான்தான். அப்போது நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். ஒரு வீட்டில் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வாசலில் இருந்து, "எங்களுக்கெல்லாம் கிடையாதாத்தா?" என்று குரல் வரும். ஊரே என்னை எதிர்பார்த்து நிற்பதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆமத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மாடு கன்று போட்டால் முதல் நாள் பாலை மடியில் சொட்டு மிச்சமில்லாமல் கறந்து, கருப்பட்டி தட்டிப்போட்டு அவித்து, தெரு முழுக்கக் கொடுத்துவிட வேண்டும். ஒரு வீடு விட்டுப்போனால் மாடு வற்றும்வரை அந்த வீட்டுப் பேச்சைக் கேட்க வேண்டியதுதான். கறந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. பட்டாசு லாரிக்கு லோடு ஏற்றுகிறவர். மாட்டைப் பற்றி என்றால் அவரிடம் யாரும் கேட்க வேண்டியதே இல்லை, பதில் தானாக வரும். எதையும் "நான் பாக்காத மாடா?" என்றுதான் ஆரம்பிப்பார். அன்று மடி சுருங்கிப்போகும்வரை கறந்துவிட்டு, அதன் பிறகு கன்றை அவிழ்த்துவிட்டார். அது வெறும் காம்பை முட்டிமுட்டிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

செவலை எங்கள் வீட்டுக்கு வந்ததற்கு ஒரு ஜோடி செருப்புதான் காரணம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால் அம்மா சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் வெடிமருந்து செலுத்தும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். மருந்து அறைக்குள் செருப்போடு போகக் கூடாது, வாசலில் கழற்றிப் போட்டுவிட வேண்டும். ஒருநாள் மதியமே அம்மா வெறுங்காலோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். கம்பெனிப் பக்கம் பெரிய சத்தம் கேட்டதாகத் தெருவில் பேசிக்கொண்டார்கள். நான் செருப்பைத் தொலைத்தால் முதுகு பழுத்துவிடும், இவளை யார் அடிப்பது என்று அப்பாவிடம் கேட்டேன். அச்சாபீசில் லேபிள் வெட்டுகிற அப்பா என்னை வெளியே போய் விளையாடச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அம்மா கம்பெனிக்குப் போகவில்லை. கொஞ்ச நாளில், சினையாக, மூன்றாவது ஈற்றுக்கு நின்ற செவலையைக் காரியாபட்டிப் பக்கம் போய்ப் பிடித்து வந்தார்கள்.

கம்பெனிக்குக் கட்டிப்போகும் பழைய நூல் சேலை மட்டும் கொடியிலேயே கிடந்தது. மருந்து இருக்கிற இடத்தில் நைலக்ஸ், பாலியஸ்டர் எதுவும் ஆகாது, உரசினால் பொறி பறக்கும், நூல் சேலைதான். எத்தனை தடவை அலசினாலும் அதில் ஒட்டியிருந்த வெள்ளிப் பொடி போகாது. எனக்கு அதன்மேல் ஒரு கண். வேப்பமரத்தில் ஊஞ்சல் கட்டத் தா என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். "அது இருக்கட்டும்டி" என்பாள். அம்மாவின் இருக்கட்டும் என்ற சொல்லுக்கு மேல் எங்கள் வீட்டில் மேல்முறையீடு கிடையாது.

தினமும் காலையில் கம்பெனி வேன் தெரு முக்கில் வந்து ஹாரன் அடிக்கும். தீபாவளி நெருங்க நெருங்க டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கூப்பிடுவார். "யக்கா, சீசன் ஓடுது, ஆளு பத்தலை. வர்றீகளா?"

"மாடு கன்னு போடட்டும் தம்பி, பாப்போம்" என்பாள் அம்மா.

மாடு கன்று போட்டுவிட்டது. பால்காரருக்கும் சொல்லி வைத்தாயிற்று. கன்று போட்ட இரண்டாம் நாள் விடியும்போது செவலை தரையில் கிடந்தது. எழுப்பப் பார்த்தால் பின்னங்கால் வெடவெடவென்று ஆடியது. கழுத்தை மடித்துத் தலையை விலாவில் சாய்த்துக்கொண்டு, யாரோ ஏசிவிட்டதுபோலக் கிடந்தது. கொட்டகையின் இன்னொரு மூலையில் கன்று தண்ணீராகக் கழிந்துகொண்டிருந்தது.

அப்பா பைக்கை எடுத்துக்கொண்டு மாட்டு டாக்டரைக் கூப்பிடப் போனார். மாமா வந்து சுற்றிப் பார்த்தார். "நான் பாக்காத மாடா? நேத்து கம்பெனியில வெடி போட்டுப் பாத்தான்ல, அந்தச் சத்தத்துல வெரண்டுருச்சு. கன்னுக்குப் பாலும் விடாதக்கா, தண்ணியும் காட்டாத. வயிறு காயட்டும், தன்னால நிக்கும்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆனா மாடு தேறுறது கஷ்டந்தான்" என்றார்.

அம்மா உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கம்பெனிச் சேலையைக் கட்டியிருந்தாள். கையில் சோற்றுத் தூக்குச்சட்டி வேறு. டாக்டர் வரப்போகிறார் என்று சேலை மாற்றியிருக்கிறாள், அதற்கு இருப்பதிலேயே மோசமான சேலைதானா கிடைத்தது என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

டாக்டர் ஒரு இளவயசு அக்கா. அவர் வரும்போது மாமா நல்லெண்ணெயும் மிளகும் கலக்கி, மருந்து புகட்டும் மூங்கில் கொட்டத்தில் ஊற்றி, செவலையின் வாயைத் திறந்துகொண்டிருந்தார்.

"அண்ணே, எடுங்க அதை! படுத்துக் கெடக்குற மாட்டுக்கு முழுங்க முடியாது. நுரையீரல்ல போயிரும்."

மாமா கொட்டத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். டாக்டர் செவலையின் காதைப் பிடித்துப் பார்த்துவிட்டு, பால் காய்ச்சல் என்றார். நானும் இன்னொரு காதைத் தொட்டுப் பார்த்தேன். பானைத் தண்ணீர்போல ஜில்லென்று இருந்தது. இந்த அக்காவுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று முடிவு கட்டிவிட்டேன்.

"எம்புட்டுப் பால் கறந்தீங்க?"

"ஒட்டக் கறந்துட்டேன்ல!" என்றார் மாமா பெருமையாக.

"அதான் விழுந்துருச்சு. கன்னு போட்ட மாட்டுல இருக்குற கால்சியமெல்லாம் பாலுக்குத்தான் ஓடும். நீங்க ஒரேயடியா உறிஞ்சிட்டா அது எதை வச்சு நிக்கும்? ரெண்டு மூணு நாளைக்குப் பாதிதான் கறக்கணும்."

கழுத்து நரம்பில் ஊசி ஏற்றி, கால்சியம் பாட்டிலை அப்பா கையில் கொடுத்து உயரப் பிடிக்கச் சொன்னார். செவலையின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுக்கொண்டே மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். மாமாவுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னும் வேகமா விடுங்க டாக்டரம்மா. லாரிக்கு லோடே நாங்க இதுக்குள்ள ஏத்திருவோம், இப்பிடிச் சொட்டுனா எப்ப எந்திரிக்கிறது?"

"வேகமா விட்டா நெஞ்சு நின்னுரும். லாரிக்கு லோடு ஏத்துறதுன்னு நெனச்சீகளா?"

அப்பாவே சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. செவலையின் தலையை மடியில் தாங்கிக்கொண்டு, கண்ணை முக்குப் பக்கமே வைத்திருந்தாள்.

பாட்டில் முடிகிற சமயத்தில் செவலையின் உடம்பு நடுங்கியது. பெரிதாக ஒரு ஏப்பம் விட்டது. சாணி போட்டது. டாக்டர் எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னார். முக்கில் ஹாரன் கேட்டது.

அம்மா எழுந்து தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டாள். ரெண்டெட்டு வைத்தவள் நின்று திரும்பிப் பார்த்தாள். செவலை பின்பக்கத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தது. ஹாரன் திரும்பவும் அடித்தது. இந்தத் தடவை செவலை முன்னங்காலை ஊன்றி, ஆடி, எழுந்தே நின்றுவிட்டது.

"கன்னு எங்க?" என்றார் டாக்டர்.

மாமா மெல்லத் தெருப் பக்கம் நகர்ந்தார். டாக்டர் கன்றின் கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டார், மடிப்பு அப்படியே நின்றது. கண்ணும் உள்ளே போயிருந்தது. "கழியுதுன்னு தண்ணியை நிறுத்துனா காஞ்சே செத்துரும்மா" என்று, வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்கிக் கொடுக்க ஒரு பவுடர் தந்தார். அது தீர்ந்தால் உப்பும் சர்க்கரையும் அளவாகக் கலந்து கொடுக்கச் சொன்னார். பாலையும் நிறுத்தக் கூடாது, பாலுக்கும் இந்தத் தண்ணீருக்கும் நடுவில் கொஞ்ச நேரம் விட வேண்டும். நான் கன்றின் தாடையைப் பிடித்துக்கொள்ள, அப்பா பாட்டிலில் நிப்பிளை மாட்டி ஊட்டினார். முதலில் கடைவாயில் வழிந்தது. பிறகு நாக்கைச் சுழற்றிச் சப்ப ஆரம்பித்தது.

"ஒடம்பு குளுந்து கெடக்கு. போத்துறதுக்கு ஏதாச்சும் துணி இருக்கா?" என்றார் டாக்டர்.

வேன் டிரைவர் எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். "என்னக்கா, ரெடியாயிட்டீக போல? ஏறுங்க."

அம்மா அவரைப் பார்த்து, இரு என்று கையைக் காட்டிவிட்டு வீட்டுக்குள் போனாள். வேறு சேலையோடு வந்தாள். கையில் கம்பெனிச் சேலை இருந்தது. முந்தானையைப் பல்லால் கடித்து, சர்ரென்று நடுவே கிழித்தாள். கன்றைத் துடைத்து, கிழித்ததை இரண்டாக மடித்து, வயிற்றைச் சுற்றிக் கட்டினாள்.

"நீங்க போயிட்டு வாங்க தம்பி" என்றாள்.

வேன் போய்விட்டது. கூரை இடுக்கில் விழுந்த வெயிலில் கன்றின் முதுகு வெள்ளிப் பொடியில் மினுமினுத்தது. அம்மா அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். சாணிப் புகை பட்டுவிட்டது என்று நினைத்தேன், ஆனால் அன்று யாரும் புகை போடவில்லை.

நான் பொழுது சாயும்வரை அவளோடு பேசவில்லை. ஊஞ்சல் கட்டக் கெஞ்சிக் கேட்டும் எனக்குத் தராத சேலையை, நேற்றுப் பிறந்த ஒரு கழிச்சல்காரிக்கு, என் கண் முன்னாலேயே கிழித்துக் கொடுத்துவிட்டாளே.