கட்டிலடியில் பேசியது

திருகோணமலையில் இருந்தபடி ஒரு ஞாயிறு பத்திரிகைக்கு ஆராய்ச்சிச் செய்திகளைத் தமிழாக்கி அனுப்புவது என் வேலை. குடல் நுண்ணுயிர்கள், கடலின் சூடு, தூக்கம், கோப்பி என்று எல்லாம் என் மேசைக்கு வரும். துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்த என் அண்ணாவுக்குப் பத்திரிகையில் வரும் என் பக்கம் ஒரு பகிடி. "போன கிழமை கோப்பி கூடாதெண்டாய், இந்தக் கிழமை நல்லதெண்டுறாய். ஒண்டில நில்லன்," என்பார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆராய்ச்சியில் உள்ளதற்கு மேல் ஒரு சொல்கூட நான் போட்டதில்லை என்று சண்டைக்குப் போவேன்.

போன மாரியில் அண்ணா போய்விட்டார். கடைசி நாள் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். இனி ஒன்றும் செய்ய ஏலாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணி அவருடைய கையைப் பிடித்தபடி இருந்தார். காரியத்தைப் பார்க்க ஒருவர் வேண்டுமே என்று நான்தான் சவப்பெட்டிக் கடைக்குப் போன் எடுத்தேன், அந்தக் கட்டிலடியில் நின்றுகொண்டே.

"ஓம், ஐஞ்சடி எட்டு. ஆள் கொஞ்சம் மொத்தம், அகலமாப் பாருங்கோ. இண்டைக்கோ நாளைக்கோ முடிஞ்சிடும், ஒண்டை எடுத்து வையுங்கோ."

"மெல்லக் கதையுங்கோ," என்றார் அண்ணி.

"அவருக்கு இனி என்ன கேக்கப்போகுது, அண்ணி?"

அன்று பின்னேரமே எல்லாம் முடிந்தது.

சில மாதங்களின் பின் மொழிபெயர்க்க ஒரு செய்தி வந்தது. சாகும் தறுவாயில், நினைவு தப்பிய பிறகும், சிலருடைய மூளை ஒலிகளை உணரக்கூடும். கேட்டது அவர்களுக்கு விளங்குகிறதா என்பது தெரியவில்லை. ஆள் கொஞ்சம் மொத்தம் என்ற என் குரல் எனக்கே கேட்டது. அன்றிலிருந்து யாராவது படுத்திருக்கும் அறையில் வாய் திறக்கப் பயம். கிண்ணியா பஸ்ஸில் பக்கத்து ஆள் கண்ணயர்ந்தாலே போனை வைத்துவிடுகிறேன்.

செய்தியைக் கழித்துவிடப் பார்த்தேன். பத்திரிகையில் என் பக்கத்துக்குப் பொறுப்பானவரோ அதுதான் தலைப்புச் செய்தி என்று ஒற்றைக்காலில் நின்றார். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அண்ணி முதலில் வாசிப்பது என் பக்கத்தை. அவர் இதை வாசித்தால் என்ன நினைப்பார்? 'தெரியவில்லை' என்று இருந்த இடத்தில் 'ஆனால் எதுவும் விளங்காது' என்று எழுதி அனுப்பினேன். இத்தனை வருஷத்தில் நான் செய்த முதல் கள்ளம் அது. அண்ணிக்காகத்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். எனக்காகவும்தான்.

ஞாயிறு பகல் அண்ணி போன் எடுத்தார்.

"விளங்காதெண்டு போட்டிருக்கிறியள். அது உண்மைதானோ?"

"ஓம் அண்ணி. ஆராய்ச்சியில கண்டது."



"இல்லை, அண்டைக்கு நீங்கள் பெட்டிக்குச் சொல்லேக்க அவர் என்ர கையை இறுக்கிப் பிடிச்சவர். அதுதான் கேட்டனான்."

"அது... நரம்பு இழுத்திருக்கும்," என்றேன். போனைத் தள்ளிப் பிடித்து மூக்கை உறிஞ்சினேன்.

"ஓம், அப்பிடித்தான் இருக்கும்," என்றார் அண்ணி. "நீங்கள் அழாதேங்கோ."