ஒரு மவுத்பீஸ், இரண்டு வாய்

1. நீச்சல்

கடற்படையில் டைவராக இருந்தவன் என்றதும் ஆம்பூரில் எல்லோரும் கேட்பது, பாலாற்றில் நீச்சல் பழகினீர்களா என்பதுதான். பாலாற்றில் நான் பழகியது கிரிக்கெட். எங்கள் பக்கத்தில் தண்ணீர் கிடந்தது ஊர்க்காரர்களின் கிணற்றில். அந்தத் தண்ணீரில் எருமை குளிக்கலாம்; காலனிப் பிள்ளைகள் இறங்கக் கூடாது. எருமையிடம் யாரும் அப்பா பேர் கேட்பதில்லை.

ஆகவே எனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தது அரசாங்கம்தான். முதல் டெஸ்டில் மூழ்கினேன். இரண்டாவதிலும் மூழ்கினேன். மூழ்குவதில் இவ்வளவு திறமை உள்ளவனை டைவிங்குக்கு அனுப்பலாமே என்று பேட்ச் முழுக்கச் சிரித்தது. விடியற்காலையில் நீச்சல்குளத்தில் இறங்கிப் பழகி, கடைசியில் அந்தக் கோர்ஸுக்கே போனேன். எங்கள் காலனியிலிருந்து கடற்படைக்குப் போனதில் நான்தான் முதல் ஆள்.

2. ஊர்ப்பாசம்

கோர்ஸில் இன்னொரு தமிழன் ஜெகதீசன். கலவைப் பக்கம், நிலபுலன் உள்ள வீடு. சொந்தக் கிணற்றில் வளர்ந்தவன், மீன் மாதிரி நீந்துவான். முதல் நாள் ஊர்ப்பாசம் பொங்க என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். பிறகு விசாரணை. ஆம்பூரில் எந்தத் தெரு, அப்பாவுக்கு என்ன வேலை. தோல் கம்பெனியில் என்றேன். மேனேஜரா என்றான். தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டியில் என்றேன். மறுநாளிலிருந்து அவனுக்கு மலையாளிகளின் மேஜை பிடித்துப்போனது.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்த சீஃப் இதையெல்லாம் அறியாத மனுஷன். பாஷை ஒன்று, ஒற்றுமையாக இருப்பார்கள் என்று எங்களையே ஜோடி சேர்த்தார். 'பட்டி பிரீதிங்' என்கிற ஜோடி மூச்சுப் பயிற்சி. ஒருவனுக்குக் காற்று தீர்ந்துவிட்டதாக வைத்துக்கொண்டு, இருவரும் ஒரே காற்றுக்குழாயின் மவுத்பீஸை மாற்றி மாற்றிக் கடித்து மூச்சு விட வேண்டும்.

நான் நீட்டினேன். ஜெகதீசன் அதைக் கட்டைவிரலால் துடைத்தான். குளத்துக்குள் முழுகி உட்கார்ந்துகொண்டு, என் எச்சிலைக் குளத்துத் தண்ணீரிலேயே கழுவி, அந்தத் தண்ணீரோடு வாயில் வைத்தான். சுத்தத்தைப் பற்றி இவ்வளவு ஆழத்தில் யோசித்தவனை நான் பார்த்ததில்லை.

மேலே வந்ததும் சீஃப் காரணம் கேட்டார். ஜெர்ம்ஸ் என்றான். செத்தவனுக்கு ஜெர்ம்ஸ் பயம் கிடையாது என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

3. கப்பலுக்கு அடியில்

கோர்ஸ் முடியும் சமயம், துறைமுகத்தில் ஒரு கப்பலின் புரொப்பெல்லரில் சுற்றிய கயிற்றை அறுக்க எங்கள் இருவரையும் இறக்கினார்கள். சேறு கலங்கி, கண்ணுக்கு முன் நீட்டிய கை தெரியவில்லை. ஒரு கயிறுதான் எங்களைச் சேர்த்துக் கட்டியிருந்தது.

திடீரென்று அந்தக் கயிறு வெட்டி வெட்டி இழுத்தது. அவனுடைய காற்று வால்வு அடைத்துக்கொண்டது. இருட்டில் ஒரு கை என் முகத்தைத் தடவி, மவுத்பீஸைப் பிடுங்கியது. இந்த முறை துடைக்கவில்லை.

ஆனால் திருப்பியும் தரவில்லை. என் நெஞ்சு எரிந்தது. கடலிடம் எனக்கு அவ்வளவு பயம் வந்ததில்லை. அன்று அவனிடம் வந்தது. மணிக்கட்டைப் பிடித்து முறுக்கி வாங்கினேன். இரண்டு மூச்சு இழுத்துவிட்டு மறுபடி அவன் வாயில் வைத்தேன். அப்புறம்தான் அவன் தாளத்துக்கு வந்தான். உனக்கு ரெண்டு, எனக்கு ரெண்டு என்று கப்பலின் அடியைத் தடவிக்கொண்டே வெளியே வந்து, மேலே ஏறினோம்.

படகில் வாந்தி எடுத்து முடித்ததும் என் பக்கம் நகர்ந்தான். நன்றி சொல்லப் போகிறான் என்று நினைத்தேன்.

"தோஸ்து, ஊர்ல யார்கிட்டயும் இத சொல்லிடாத."

"இன்னாத்த? நீ சாவப் போனதையா?"

"அது இல்ல. உன் வாய்ல இருந்து வாங்கனத."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. பிறகுதான் கோபம் வந்தது.

"சொல்வேன்," என்றேன். "கேக்கறவங்க எல்லார்கிட்டயும் சொல்வேன்."

4. கற்றது

பிற்பாடு நானே இன்ஸ்ட்ரக்டர் ஆனேன். எங்கள் மாவட்டத்திலிருந்து அந்த வேலைக்கு வந்த முதல் ஆள் என்றார்கள். மனுஷன் மனசு தானாக மாறும் என்று காத்திருந்தால் அதற்குள் கோர்ஸ் முடிந்துவிடும். ஆகவே புதுப் பேட்ச் வந்ததும், பேர் ஊர் விசாரிக்க நேரம் கொடுக்காமல், முதல் நாளே ஆழமில்லாத பக்கமாக ஜோடி ஜோடியாகக் குளத்தில் உட்கார வைப்பேன். ஜோடிக்கு ஒரு மவுத்பீஸ். மேலே வந்தபிறகு, உன் அப்பாவுக்கு என்ன வேலை என்று தாராளமாகக் கேட்டுக்கொள்ளட்டும். அதற்குள் எச்சில் கலந்திருக்கும்.