அப்பிள் தோட்டத்துக்கு ஒரு கொக்கத்தடி

'தெரியாது' என்ற சொல் என் வாயில் வராது. பிரெஞ்சு பேசும் குளிர்நாட்டுப் புறநகரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் வீடு வாங்கிய பிறகு அந்த வியாதி இன்னும் முற்றிவிட்டது. அதனால்தான் இரண்டாயிரங்களின் நடுவில் ஓர் ஒக்டோபரில், பக்கத்து வீட்டுப் பெண்மணி வேலியருகே வந்து கேட்டபோது ஆழம் தெரியாமல் காலை விட்டேன்.

அவர் ஒரு கல்லூரியில் வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கும் வேலையில் இருந்தார். சென்னையிலிருந்து வந்த பெண் ஒருத்தி இரண்டு மாதமாக அறைக்குள்ளேயே அழுதுகொண்டிருக்கிறாளாம். படிப்பை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்ப டிக்கெட்டும் எடுத்துவிட்டாளாம். தமிழ்க் குடும்பம் ஒன்று வெளியே கூட்டிப்போய் இந்த நாட்டு இலையுதிர்கால வழக்கங்களைக் காட்டினால் அவள் மனம் மாறலாம் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. கூடப் படிக்கும் கமரூன் நாட்டு மாணவன் ஒருவனும் வருவான். அப்பிள் பிடுங்கப் போகிற பழக்கம் உண்டா என்று கேட்டார். ஒவ்வொரு வருடமும் போகிறோம் என்றேன்.

இந்த நாட்டுக்கு வந்த பன்னிரண்டு வருடத்தில் நான் கண்ட இலையுதிர்காலம் வேறு. காருக்குப் பனிக்கால டயர் மாற்றுவேன். முற்றத்து இலைகளை வாரிப் பையில் கட்டி வீதியோரம் வைப்பேன். அப்பிள் மரத்தைப் பக்கத்தில் நின்று பார்த்ததே இல்லை.

ஆனால் மரம் என்றால் மரம்தானே. நான் யாழ்ப்பாணத்து ஆள். மாங்காய் பிடுங்காத கையா? வெள்ளிக்கிழமை வேலையால் வந்ததும், சுவருக்குப் பெயின்ட் அடிக்கும் நீளத் தடியோடு இன்னொரு தடியை வைத்துக் கட்டி, நுனியில் வளைந்த கத்தி ஒன்றைப் பிணைத்து, பதினாலு அடியில் ஒரு கொக்கத்தடி செய்தேன். எட்டாத கிளையில் கொழுவி இழுத்தால் காய் விழும். மனைவி பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் நான் பயப்படவேண்டும், அன்று பயப்படவில்லை.

மறுநாள் காலை தடியைக் காரின் கூரையில் கயிற்றால் கட்டி, பின்நுனியில் சிவப்புத் துணியும் முடிந்தேன். மனைவி முன்சீட்டில் ஏறினாள். அந்தப் பெண் பின்சீட்டில் டிக்கெட் எடுத்த முகத்தோடு இருந்தாள். கமரூன்காரன் கூரையைப் பார்த்து, பெரிய மரங்களா என்று கேட்டான். மிகப் பெரியவை என்றேன்.

தோட்டத்தில் இறங்கினால், மரங்கள் என் தோளளவு. மூன்று வயதுக் குழந்தை ஒன்று நின்ற இடத்தில் நின்று பழம் பிடுங்கிக்கொண்டிருந்தது. சூரன்போருக்கு வேல் கொண்டுவந்தவன் போல நான் தடியோடு நின்றேன்.

தோட்டக்காரக் கிழவர் இது எதற்கு என்று பிரெஞ்சில் கேட்டார். என் பிரெஞ்சு பொன்ஜூர், மெர்சியைத் தாண்டாது. கமரூன்காரன்தான் விளக்கினான், மாங்காய்க்கு அவனுடைய ஊரிலும் இதுதானாம். கிழவர் கத்தியை நெடுநேரம் பார்த்தார். பிறகு தடியை வாங்கிக் கொட்டிலில் சாத்திவிட்டு, போகும்போது திருப்பி வாங்க எனக்கு ஓர் இலக்கத் தகடு தந்தார். ஏழாம் இலக்கம். மற்ற ஆறு பேரும் எதைக் கொண்டுவந்தார்கள் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

அதற்குப் பிறகாவது வாயை மூடியிருக்கலாம். நான் விளக்கம் தொடங்கினேன். கிழக்குப் பார்த்து நின்று பிடுங்கவேண்டும், முதல் பழத்தை மரத்துக்கே விடவேண்டும், அதுதான் இங்கத்தைய முறை. எல்லாம் அந்த நிமிடத்தில் பிறந்தவை. கமரூன்காரன் நம்பி, முதல் பழத்தை மரத்தடியில் பவ்வியமாக வைத்தான். அவனைப் பார்த்துப் பக்கத்தில் நின்ற குடும்பமும் வைத்தது. சற்று நேரத்தில் அந்த வரிசை முழுக்க மரத்துக்கு ஒரு பழம் இருந்தது.

அந்தப் பெண் மட்டும் வைக்கவில்லை. அன்றைக்கு முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"அங்கிள், நீங்க நிஜமாவே வருஷா வருஷம் இங்க வர்றீங்களா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க நான் ஆயத்தமானேன். மனைவி கைப்பையிலிருந்து உப்பும் மிளகாய்த்தூளும் எடுத்து ஓர் அப்பிளுக்குத் தூவிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்:

"இவரோ? பன்னிரண்டு வருசமா இலை அள்ளினதைத் தவிர இந்த மனுசனுக்கு ஒண்டும் தெரியாது, பிள்ளை. இண்டைக்குத்தான் அப்பிள் மரத்தையே பாக்கிறார்."

மானம் கப்பலேறியது. எனக்குக் கோபமும் வந்தது, வெட்கமும் வந்தது. அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், பிறகு மரத்தடிகளில் இருந்த பழங்களைப் பார்த்தாள். சிரிக்கத் தொடங்கியவள் நிற்க முடியாமல் புல்லில் உட்கார்ந்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று தெரியவில்லை.

"பன்னிரண்டு வருஷமாவா அங்கிள்? நான் ரெண்டே மாசத்துல எல்லாம் தெரிஞ்சிருக்கணும்னு நினைச்சேன். எனக்கு மட்டும்தான் எதுவும் புரியலன்னு நினைச்சேன்."

"எனக்கு இன்னும் விளங்கேல்லை, பிள்ளை," என்றேன். அது அவ்வளவு சுலபமாக வாயில் வருமென்று நான் நினைத்திருக்கவில்லை.

தகட்டைக் கொடுத்துத் தடியை மீட்டுக்கொண்டு வீடு திரும்பினோம். வழியில் யாரும் டிக்கெட்டைப் பற்றிக் கதைக்கவில்லை. கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை காலை முற்றத்தில் இலை வாரிக்கொண்டிருந்தேன். பஸ் தரிப்பிடப் பக்கமிருந்து அவள் நடந்து வந்தாள். டிக்கெட்டை ரத்துச் செய்துவிட்டதாகச் சொன்னாள். பிறகு என் கையிலிருந்த ரேக்கை நோக்கிக் கையை நீட்டினாள்.

"உங்களுக்குத் தெரிஞ்ச ஒண்ணையாவது சொல்லிக்குடுங்க, அங்கிள்."

ரேக்கைக் கொடுத்தேன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, அந்தப் பக்கமாகவே வாரவேண்டும் என்று தொடங்கினேன். அவள் ரேக்கைப் பிடித்தபடி திரும்பி எங்கள் வீட்டு யன்னலைப் பார்த்தாள். பாதி திறந்திருந்த யன்னலை மனைவி முழுவதும் திறந்தாள்.

"ஓம் பிள்ளை, அது மெய்தான்."