உட்காராமல் பழனிக்கு

பழனிக்கு நடந்து வருகிறேன் என்று நான் நேர்ந்துகொண்டது ஆஸ்பத்திரி விறாந்தையில். உள்ளே மனைவியின் வயிற்றில் கட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நிதானமுள்ளவன் நூறு தேங்காய் உடைப்பதாகச் சொல்லியிருப்பான். எனக்குப் பதற்றம் வந்தால் வாய் தாராளமாகிவிடும். கடல் தாண்டிப் போய், மதுரையிலிருந்து ஐந்து நாள், வெறுங்காலோடு என்று நீட்டிவிட்டேன். கட்டியில் பயப்பட ஒன்றுமில்லை என்று அறிக்கை வந்தது. முருகன் தன் பங்கை முடித்துவிட்டார்.

என் பங்கில்தான் கோளாறு. கடலுக்கு இந்தப் பக்கம், உடப்பில் கருவாட்டு வியாபாரம் செய்கிறேன். வீட்டிலிருந்து கடற்கரை கூப்பிடு தூரம். அதற்கும் மோட்டார் சைக்கிள்தான். ஆனாலும் ஊரில் எவரும் என் கால்களைச் சந்தேகிக்கவில்லை. ஆடிக்கு ஆடி திரௌபதை அம்மன் கோயிலில் தீ மிதிக்கிறவன் ஆயிற்றே. "நெருப்புல நடந்தவனுக்குத் தார் ரோட்டு என்ன பெரிய காரியம்" என்றார்கள். தீக்குழி பத்து எட்டுத்தான் என்பதை நான் நினைவூட்டவில்லை.

அந்தப் பத்து எட்டின் விதி ஒன்றே: இறங்கினால் நிற்கக்கூடாது. பாதயாத்திரைக்கும் அதுபோல ஒரு விதி உண்டு என்று நானாகவே முடிவுகட்டினேன். விடியக் கால் வைத்தால் தங்குமிடம் வரை உட்காரக்கூடாது. யாரிடமும் கேட்கவில்லை, தீ மிதிக்கிறவன் இதைக் கேட்டால் மானம் என்னாவது? நடுவழியில் உட்கார்ந்தால் நேர்த்தி முறிந்து, மனைவிக்குக் கட்டி திரும்பவும் வந்துவிடும் என்ற பயம் உள்ளே கிடந்தது. அதை மட்டும் என்னால் பகிடியாக்க முடியவில்லை.

ஆகவே உட்காராமலிருக்கப் பழகினேன். நின்றபடி தேத்தண்ணீர், நின்றபடி சோறு. வியாபாரத்துக்கு வந்தவர்களுக்குக் கதிரை போட்டுவிட்டு நான் கம்பம்போல நின்றேன். மூன்றாம் நாள் மனைவி கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"இஞ்ச பாருங்க, மறைக்காமச் சொல்லுங்க. மூலமா?"

"இல்ல."

"இதுல என்ன வெக்கம்? என்ட வயித்தையே ஊர் பாத்துட்டுது."

வெந்தயம் ஊறப்போட்டுத் தந்தாள். குடித்தேன், நின்றபடி.

பயணத்துக்கு முன் முன்னேஸ்வரம் கோயில் வரை ஒருமுறை நடந்து பார்ப்பது நான் சேர்ந்திருந்த பழனிக் குழுவின் வழக்கம். கூட்டிப்போகிற குருசாமி எட்டு முறை பழனிக்கு நடந்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். விடியுமுன் புறப்பட்டோம். முதல் மணித்தியாலம் பகிடி விட்டேன். இரண்டாவதில் பகிடி நின்றது. பிறகு கிலோமீட்டர் கற்களை யாரோ வேண்டுமென்றே தள்ளித் தள்ளி நட்டிருப்பதாகத் தோன்றியது. இனி ஏலாது, உண்மையைச் சொல்லி விலகிவிடுவோம் என்று நான் வாயெடுத்த இடத்தில், குருசாமி ஒரு மதகைக் கண்டார். துண்டால் தூசி தட்டி உட்கார்ந்தார். மற்றவர்களும் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒருவர் பணிஸ் பொதியைப் பிரித்தார்.

நான் மட்டும் நின்றேன்.

"என்ன தம்பி நிக்கிறாய், இரன்."

"இருக்கலாமா அண்ணே?"

"ஏன், மதகுல ஆற்றயும் பேரா எழுதியிருக்கு?"

"நேர்த்தி முறியாதா?"

அவர் பணிஸைக் கடித்தபடி என்னைப் பார்த்தார். அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"இது தீக்குழி இல்லடா. முருகன் என்ன மணிக்கூட்டோடயா இருக்கார்? மூணு கட்டைத் தூரத்துக்கு ஒருக்கா இருந்து இருந்துதான் நானே எட்டுத்தரம் போனன். அங்க வழி நெடுக மடம், மோர். எழும்பத்தான் மனம் வராது."

நானும் மதகில் இருந்தேன். மூன்று கிழமையாக நெஞ்சை அழுத்தியது எங்கே போனதென்று தெரியவில்லை. இரண்டு பணிஸ் சாப்பிட்டேன். மூன்றாவதையும் கேட்டேன்.

ஏழு தரம் இருந்து எழும்பி, உச்சிப் பூசைக்கு முன்னேஸ்வரம் சேர்ந்தோம். பஸ்ஸில் வந்து கோயில் வாசலில் நின்ற மனைவி முதலில் பார்த்தது என் கால்களைத்தான்.

"பழனி மட்டும் நடக்க ஏலுமா?"

"ஏலும்" என்றேன். பல நாளுக்குப்பின் பொய்யில்லாமல் சொன்ன பதில். "இருந்து இருந்து போகலாமாம்."

"அது தெரியாமலா நேந்தீங்க?"

பேசிக்கொண்டே சந்நிதிக்கு வந்திருந்தோம்; ஐயர் அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் கேட்டது என்னைக் காப்பாற்றியது. நான் அவளுடையதைச் சொன்னேன். அவள் என்னுடையதைச் சொன்னாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னதில் ஐயருக்கு ஒன்றும் விளங்கவில்லை.