மீன் தொட்டியில் ஆரைக்கீரை

ராமலிங்கம் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. இதை அவர் சொல்லாமல் விட்ட நாள் கிடையாது. அலுவலகத்தில் யாராவது வீட்டில் ரோஜாச் செடி வாடிவிட்டது என்று சொல்லிவிட்டால் போதும், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஆனால் அவர் ஏர் பிடித்ததில்லை, நாற்று பறித்ததில்லை. அப்பா இவரைப் படிக்க வைத்து, மூத்தவரை வயலில் இறக்கினார். வில்லியனூருக்கு அந்தப் பக்கம் இருக்கிற நிலத்தை இன்றும் அண்ணன்தான் பார்க்கிறார். இவர் பங்குக்கு வந்தது வாய் மட்டும். மற்றபடி நல்ல மனிதர். இல்லாவிட்டால் இத்தனை வருடம் அவரோடு ஒரே மேசையில் சாப்பிட்டிருப்பேனா? அந்த வாய், வேண்டாத இடத்தில் திறந்து, திறக்க வேண்டிய இடத்தில் மூடிக்கொண்டது. அதுதான் கதை.

சுனாமிக்கு அடுத்த வருடம் அவர் மூலக்குளத்தில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தார். கீழே வீட்டுக்காரம்மா, பெர்னதெத் மதாம். கணவர் சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பி, கட்டிய வீட்டில் கொஞ்ச காலம் இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். ஒரே மகள் லினெட் பிரான்சில். மதாமுக்குத் துணை கூடத்தில் இருந்த மீன் தொட்டிதான். அதில் நான்கு ஏஞ்சல் மீன்கள். சட்டைப் பொத்தான் அளவில் வாங்கியவை உள்ளங்கை அளவுக்கு வளர்ந்திருந்தன. மதாம் நாற்காலியில் உட்கார்ந்தால் நான்கும் கண்ணாடி ஓரம் வந்து நிற்குமாம்.

லினெட் வீட்டுத் தொட்டியில் முன்பக்கம் முழுக்கப் பச்சைப் புல் விரித்தது போல ஒரு செடி படர்ந்திருப்பதை மதாம் போட்டோவில் பார்த்துவிட்டார். தன் தொட்டியிலும் அப்படி வேண்டும் என்று ஆசை. மீன் கடையில் என்னென்னவோ வாங்கி நட்டார். எல்லாம் அழுகி மிதந்தன. இதைக் கேட்டதும் நம்மவர் சும்மா இருப்பாரா? தண்ணீரில் பச்சை பிடிக்க வைப்பது தங்கள் குடும்பத்துக்குக் கைவந்த கலை என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வயல் வாய்க்காலில் இருந்து ஒரு பை நிறைய ஆரைக்கீரை கொண்டுவந்தார்.

நட்டது அவர் இல்லை. வீட்டு வேலைக்கு வரும் அஞ்சலாட்சி. அந்தப் பக்கத்து வயல்கள் மனையாகும் முன் நடவுக்குப் போய்க்கொண்டிருந்தவள். கணவன் இல்லை, பெண் ஒருத்தி பள்ளிக்கூடம் போகிறாள், மதாம் வீட்டு வேலைதான் அடுப்பை எரிய வைத்தது. முழங்கை வரை தொட்டிக்குள் விட்டு, பொடி மணலில் வேரை அழுத்தி, இடைவெளி விட்டு வரிசை பிடித்து நட்டாள். ராமலிங்கம் நாற்காலியில் உட்கார்ந்து யோசனை சொன்னார்.

ஆரைக்கீரை பிழைத்துக்கொண்டது. இலை சிறுத்து, தரையோடு தரையாகக் கொடி விட்டது. மதாமுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மகள் வீட்டுக்கு வக்கான்ஸ் விடுமுறைக்குப் போய்வரும் நேரம் வந்ததும் வீட்டையும் தொட்டியையும் இந்த இரண்டு பேரை நம்பி விட்டுவிட்டுப் போனார். தீனி போடுவது அஞ்சலாட்சி. செடியைப் பார்த்துக்கொள்வது ராமலிங்கம். மதாம் திரும்பி வரும்போது கம்பளம் விரித்து வைத்திருப்பதாக இவர் வாக்குக் கொடுத்தார்.

கொஞ்ச நாளில் இலைகள் வெளுத்து மஞ்சளாகின. பயிர் மஞ்சளித்தால் விவசாயக் குடும்பத்தில் என்ன செய்வார்கள்? யூரியா போடுவார்கள். ராமலிங்கமும் அண்ணன் வீட்டு மூட்டையில் இருந்து ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து, ஒரு சிட்டிகை போட்டார். பச்சை வரவில்லை. பொறுமை இல்லாத மனுஷன், ஒரு கரண்டி அள்ளிப் போட்டார். வயலில் மீன் வளர்ப்பதில்லை என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

இரண்டொரு நாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பிறகு ஒரு காலையில் நான்கும் பக்கவாட்டில் மிதந்தன. அஞ்சலாட்சிதான் முதலில் பார்த்தாள். அவள் அலறலைக் கேட்டு ராமலிங்கம் மாடியில் இருந்து ஓடிவந்தார். அவள் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"தீனி பாக்கெட்டு தீந்துபோச்சுன்னு நேத்து பொரிய நுணுக்கிப் போட்டேண்ணா. நாந்தான் சாகடிச்சிட்டேன்" என்றாள்.

அவருக்குப் புரிந்துவிட்டது. தொட்டிக்குப் பக்கத்தில் போனதும் மூக்கில் ஏறிய யூரியா நெடியே சொல்லிவிட்டது. வாயைத் திறக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. அவர் சொன்னது இதுதான்:

"சரி விடு, அழாத. தெரிஞ்சா செஞ்ச?"

இதை என்னிடம் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குற்றத்தைச் செய்தவரே மன்னிப்பும் வழங்குகிறார். "அந்த நேரத்துல வேற வார்த்தை வரல" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதாம் போன் செய்தார். மீன் செத்ததைச் சொன்னதும் எப்படி என்று கேட்டார். அஞ்சலாட்சி பொரி போட்டுவிட்டேன் என்று சொல்லி அழுகிறாள் என்றார் இவர். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் அதில் இருக்கிற அசிங்கம்.

அன்றிலிருந்து ராமலிங்கம் அலுவலகத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். மீன் இல்லாத தொட்டியில் ஆரைக்கீரை மட்டும் கொழித்து வளர்ந்தது. ஒரு விரல் வைக்க மணல் தெரியவில்லை. அஞ்சலாட்சி தினமும் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். அவளை அப்படிப் பார்க்கும்போதெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று இவருக்குத் தொண்டை வரை வருமாம். நாளைக்குச் சொல்லலாம் என்று மாடி ஏறிவிடுவாராம்.

மதாம் வந்தார். தொட்டிக்கு முன்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அஞ்சலாட்சியைத் திட்டவில்லை. இனிமேல் வேலைக்கு வரவேண்டாம், உன்னைப் பார்த்தால் எனக்கு அந்த மீன் ஞாபகம்தான் வரும் என்று அமைதியாகச் சொன்னார். எதிர்த்துப் பேசத் தெரியாத அஞ்சலாட்சி சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். ராமலிங்கம் வாசலிலேயே நின்றார். மதாம் அவர் பக்கம் திரும்பி, மீன் போனாலும் செடியை எவ்வளவு அழகாக வளர்த்திருக்கிறீர்கள், நல்ல கைராசி உங்களுக்கு என்றார்.

அதற்குப் பிறகும் அவர் உடனே சொல்லவில்லை. ஒரு வாரம் காய்ச்சல் வந்தவர் மாதிரி அலைந்தார். என்னிடம் சொன்னார். நான் கண்டபடி பேசிவிட்டேன். அன்று சாயங்காலமே போய் மதாமிடம் எல்லாவற்றையும் சொன்னார். வீட்டைக் காலி செய்யச் சொல்வார் என்று எதிர்பார்த்தாராம். மதாம் கழுத்தில் இருந்த சிலுவைச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டார்.

"என்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது? அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போங்க. நான் கூப்பிட்டேன்னு சொல்லுங்க" என்றார்.

அஞ்சலாட்சி அதற்குள் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவப் போய்க்கொண்டிருந்தாள். ராமலிங்கம் போனபோது வாசலில் உட்கார்ந்து, வெடித்திருந்த விரல்களுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். எழுந்து நாற்காலி போட்டாள். இவர் உட்காராமல், யூரியா, கரண்டி, போன் எல்லாவற்றையும் சொன்னார். மதாம் கூப்பிடுகிறார், நாளைக்கே வரலாம் என்றார்.

"நான் வரலண்ணா" என்றாள்.

தன்மேல் உள்ள கோபத்தில் பிழைப்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று இவர் கெஞ்சினார்.

"கோவம் எதுக்கு? தெரியாம போட்டீங்க, மீனு செத்துப்போச்சு. அத நான் ஒண்ணும் சொல்லல. ஆனா நான் தரையில உக்காந்து அழுதப்ப, பக்கத்துல நின்னு எனக்கு ஆறுதல் சொன்னீங்களே. உங்கள மாதிரி நல்லவங்க யாரு இருக்காங்கன்னு என் பொண்ணுகிட்ட சொல்லிச் சொல்லி மாஞ்சேன். அவகிட்ட நான் இப்ப என்னன்னு சொல்லுவேன்?"

உள்ளே அந்தப் பெண் சத்தமாகப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். அது கேட்கிற தூரத்தில் நிற்க முடியாமல் ராமலிங்கம் தெருவில் இறங்கினார்.